கூண்டுக் கிளிக்குத் தினை மட்டும் போதுமா?

என்னிடம் தினை வாங்க வருகிறவர்களில் சிலர் அதைச் சமைப்பதற்காக வாங்குவதில்லை. "அண்ணே, உமியோட இருக்கிற தினை ரெண்டு கிலோ கொடுங்க, வீட்ல லவ் பேர்ட்ஸ் வளக்குறோம்" என்று கேட்டு வருவார்கள். உமி நீக்கும் வேலை மிச்சம், பேரம் பேசுவதும் குறைவு. நல்ல வாடிக்கையாளர்கள்தான். ஆனால் நான் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்காமல் விடுவதில்லை: "தினை தவிர வேற என்ன கொடுக்கிறீங்க?" பெரும்பாலும் வரும் பதில், "வேற ஒண்ணும் கிடையாதுண்ணே, அதுக்கு அதுதானே சாப்பாடு?"

தினை விற்கிறவனே சொல்கிறேன், தினை மட்டும் போதாது. ஒரே தானியத்தைத் தின்று வளரும் கூண்டுப் பறவை, யூரியா மட்டும் போட்ட வயல் மாதிரி. பார்க்கப் பச்சையாக இருக்கும். உள்ளே என்ன குறைகிறது என்று தெரியாது. இரண்டு வருடம் கழித்து ஒருநாள் காலையில் கூண்டுத் தரையில் விறைத்துக் கிடக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். நேற்று வரை நன்றாக இருக்கவில்லை. காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். அதனால் கடைசி வரை மறைத்து வைப்பது பறவைகளின் இயல்பு. ஒழுங்காகத் தீனி கொடுத்தால் லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் சிறுகிளி எட்டு, பத்து வருடம் இருக்கும். கொண்டைக் கிளியான காக்டெய்ல் பதினைந்து வருடத்தைத் தாண்டும். நம் வீடுகளில் எத்தனை அந்த வயதைப் பார்க்கின்றன?

இயற்கை வேளாண்மை இதழில் கூண்டுப் பறவைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அந்தப் பறவைக்கு வேண்டிய தீனி முழுக்க நம் வயலிலும் வேலியிலும்தான் இருக்கிறது. நகரத்துக்காரர் செல்லப்பிராணிக் கடையில் பொட்டலம் பொட்டலமாகக் காசு கொடுத்து வாங்குவது நம் வரப்பில் சும்மா கிடக்கிறது. இன்னொன்று, நம் பிள்ளைகள் ஆசைப்பட்டு இந்தப் பறவைகளை வாங்கி வந்துவிடுகிறார்கள். வந்த உயிருக்குச் சரியாகச் சோறு போட வேண்டாமா?

எந்தக் கிளியைப் பற்றிப் பேசுகிறோம்?

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் தோப்பிலும் கோயில் கோபுரத்திலும் பறக்கிற பச்சைக்கிளியை, அதாவது கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட செந்தார்ப் பைங்கிளியை, வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சிறைக்கும் அபராதத்துக்கும் இடமுண்டு. நம் நாட்டுக் கிளி எதற்கும் இதுதான் சட்டம். கிளி ஜோசியக்காரரின் கூண்டுக்கும் விலக்கு கிடையாது. காற்றடித்துப் பொந்திலிருந்து குஞ்சு விழுந்து கிடந்தால், எட்டும் உயரமென்றால் திரும்பப் பொந்தில் வையுங்கள். முடியாவிட்டால் ஒரு அட்டைப்பெட்டியில் துணி விரித்துக் கதகதப்பாக வைத்து வனத்துறையிடம் ஒப்படையுங்கள். அதுவரைக்கும் பால் ஊற்றாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வளர்க்க அனுமதி உள்ளவை வெளிநாட்டு இனங்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைப்பதன் உண்மைப் பெயர் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட புல்வெளிப் பறவை அது. 1840இல் ஜான் கூல்டு என்ற பறவை அறிஞர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகம் முழுவதும் பரவிவிட்டது. காக்டெய்லும் ஆஸ்திரேலியக் கிளிதான். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற பெரிய கிளிகளுக்குப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு இருப்பதால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அவற்றின் தீனிமுறையும் வேறு. இந்தக் கட்டுரை முதல் இரண்டுக்கு மட்டும்.

காட்டில் பட்ஜெரிகர் என்ன தின்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். புல் விதைதான் அதன் உணவு. ஆனால் ஒரே புல்லின் விதை அல்ல. மழை பெய்த இடத்தைத் தேடிக் கூட்டம் கூட்டமாகப் போகும். அங்கே பல வகைப் புல், பால் பிடித்த பிஞ்சு விதை, முற்றிய விதை, தரையில் ஈரம் பட்டு முளைவிட்டது, இளந்தளிர் எல்லாம் கலந்து தின்னும். நாள் முழுக்கப் பறக்கும், தின்றது எரிந்துவிடும். நம் வீட்டில் அதற்கு இரண்டடிக் கூண்டு. காய்ந்த ஒரே தானியம். வேறுபாடு புரிகிறதா?

கிளிக்கும் தினைக்கும் நம்மூரில் உறவு பழையது. சங்கப் பாட்டின் குறிஞ்சி நிலப் பெண்ணுக்குத் தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதுதான் வேலை. வள்ளி கதையும் அதுதான். அந்தக் கிளி தினையைத் தின்றது என்று மட்டும் நினைவு வைத்துக்கொண்டோம். தினை முற்றாத மற்ற மாதங்களில் அது காட்டில் வேறு என்னென்னவோ தின்றதை மறந்துவிட்டோம்.

தினையில் இருப்பதும் இல்லாததும்

தினை மோசமான தீனி இல்லை. 100 கிராம் தினையில் புரதம் 12 கிராமுக்குச் சற்று மேல், கொழுப்பு 4 கிராம் சொச்சம். சூரியகாந்திப் பருப்பில் கொழுப்பு மட்டும் ஏறக்குறையப் பாதி எடை. அதனால் கடைக் கலவையில் சூரியகாந்தி அதிகம் இருந்தால் கிளி தினையைத் தள்ளிவிட்டு அதையே பொறுக்கித் தின்னும், நம் பிள்ளைகள் மிக்சரில் கடலையைப் பொறுக்குகிற மாதிரி. கூண்டில் பறக்க இடமில்லாத பறவைக்கு அந்தக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படியும். பட்ஜெரிகருக்குச் சூரியகாந்தி வேண்டவே வேண்டாம். காக்டெய்லுக்கு நாளைக்கு நாலைந்து விதை, அதுவும் கையில் வைத்துக் கொடுத்துப் பழக்குவதற்கு.

தினையில் குறைவது எது? முதலாவது, வைட்டமின் ஏ. காய்ந்த தானியம் எதிலும் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அது குறைந்தால் வாய், மூக்கு, தொண்டையின் உள்தோல் கெட்டுப்போகும். அடிக்கடித் தும்மல், மூக்கில் அடைப்பு, கண்ணோரம் வீக்கம், வாய்க்குள் வெள்ளைத் திட்டு இவையெல்லாம் தெரியும். சளி பிடித்திருக்கிறது என்று துளசிச் சாறு விடுவார்கள். சளி அல்ல, பட்டினி. வயிறு நிறைந்த பட்டினி.

இரண்டாவது, சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் தினையில் கால்சியம் 31 மில்லிகிராம், பாஸ்பரஸ் 290. இரண்டும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டி இருக்க வேண்டும். கால்சியம் சற்றுக் கூடுதலாக இருந்தால் நல்லது. இங்கே பாஸ்பரஸ் ஒன்பது மடங்கு. கம்பு, சாமை, குதிரைவாலி எல்லாவற்றிலும் இதே கதை. கேழ்வரகு மட்டும் விதிவிலக்கு: கால்சியம் 344, பாஸ்பரஸ் 283. கடைகளில் விற்கும் பறவைக் கலவையில் கேழ்வரகைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. நான் கொடுக்கும் கலவையில் கட்டாயம் உண்டு. முட்டையிடும் பெட்டைக்குக் கால்சியம் குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிச் செத்துப்போகும். பல வீடுகளில் காரணம் தெரியாமல் சாகிற பெட்டைகளில் இதுவும் ஒரு கணக்கு.

மூன்றாவது, அயோடின். இது குறைந்தால் பட்ஜெரிகருக்கு நம்மைப் போலவே கழுத்துக் கழலை வரும். வெளியே தெரியாது, உள்ளே வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். மூச்சு விடும்போது 'கிர்க்' என்று சத்தம் வரும். தின்றதைக் கக்கும். நான்காவது, லைசின் என்ற புரதக்கூறு. தானியத்தில் அது குறைவு, பயற்றில் அதிகம். அரிசியோடு உளுந்து, பாசிப்பருப்பு சேர்த்து இட்லி, பொங்கல் என்று நம் முன்னோர் செய்து வைத்த அதே கணக்கு கிளிக்கும் பொருந்தும்.

பால் கதிரும் முளைத் தானியமும்

சரி, அப்படின்னா என்னதான் போடுறது? தினையிலிருந்தே தொடங்குவோம். அதே தினையை மூன்று நிலையில் கொடுக்க முடியும். காசு செலவில்லாத வழி இது.

காய்ந்த தானியம் ஒரு நிலை. தினை, சாமை, கம்பு, பனிவரகு, கேழ்வரகு என்று நாலைந்து கலந்து கொள்ளுங்கள். உமியோடு இருக்க வேண்டும். உமி நீக்கிய தினையரிசியில் முளைக்கரு உடைந்துபோயிருக்கும், சீக்கிரம் சிக்கு வாடையும் வரும். கிளி உமியைத் தானே உரித்துத் தின்னும், அந்த வேலை அதற்குப் பொழுதுபோக்கும்கூட. ஒரு பட்ஜெரிகருக்கு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி போதும். காக்டெய்லுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. இங்கே ஒரு எச்சரிக்கை. உரித்த உமி கிண்ணத்துக்கு மேலேயே கிடக்கும். "தீனி நிறையக் கெடக்கே" என்று விட்டுவிட்டால் பறவை பட்டினி கிடந்து சாகும். தினமும் காலையில் கிண்ணத்தை எடுத்து வாயால் ஊதிப் பாருங்கள். பறப்பது உமி, மிஞ்சுவது தீனி.

அடுத்த நிலை பால் கதிர். தினை பூத்து இரண்டு வாரம் போல ஆனதும் மணியை நகத்தால் அழுத்தினால் பால் வரும். அந்தப் பருவத்துக் கதிரைத் தண்டோடு அறுத்துக் கூண்டில் தொங்கவிடுங்கள். பறவை தலைகீழாகத் தொங்கி, கதிரைக் கிழித்து, ஆடி ஆடித் தின்கிறதைப் பார்த்தால் கூண்டில் இருப்பதையே மறந்துவிட்டதோ என்று தோன்றும். காட்டில் அது தின்பதற்கு மிக நெருக்கமான உணவு இதுதான். முற்றிய தினைக்கதிரையே நகரக் கடைகளில் கட்டுக் கட்டி நல்ல விலைக்கு விற்கிறார்கள். பால் கதிரைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது, வயல் வைத்திருப்பவனிடம்தான் இருக்கும். கம்பு, குதிரைவாலிக் கதிரும் இதேபோல் கொடுக்கலாம். மருந்தடிக்காத வரப்பில் கிடைக்கும் கொழுக்கட்டைப் புல், அருகம்புல் கதிரும் நல்லது. நாம் களை என்று பிடுங்கிப் போடுவது அதற்கு விருந்து.

இன்னொரு நிலை முளைகட்டியது. தானியத்தை இரவில் ஊறவைத்து, காலையில் நன்றாகக் கழுவி, ஈரத்துணியில் கட்டி வையுங்கள். ஒரு நாள், ஒன்றரை நாளில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அப்போதே கொடுத்துவிட வேண்டும், நீள முளை தேவையில்லை. முளைக்கும்போது வைட்டமின்கள் கூடும், செரிப்பதும் எளிது. அதோடு பச்சைப்பயறு முளைகட்டிச் சேர்த்தால் லைசின் குறையும் தீர்ந்தது. நம் வெயிலுக்கு முளைத் தானியம் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். காலையில் ஒரு தேக்கரண்டி வைத்து, இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வாடை வந்தால் கோழிக்குக்கூடப் போடாதீர்கள், எருக்குழிக்குத்தான் போக வேண்டும்.

முளைகட்டுவதில் இன்னொரு பயன் உண்டு. கடையில் வாங்கிய தினை பழசா புதுசா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். விதைக்கும் முன் 100 விதை எண்ணி முளைப்புத் திறன் பார்ப்போமே, அதேதான். 100க்கு 80 முளைத்தால் உயிருள்ள தானியம். முப்பது, நாற்பதுதான் முளைத்தால் வருடக்கணக்கில் மூட்டையில் கிடந்தது. அதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

சோளத்தை மட்டும் முளைகட்டாதீர்கள். இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்தால் என்ன ஆகும் என்று உழவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சயனைடு நஞ்சு முளையிலும் உண்டு. முற்றிய சோள மணி காக்டெய்லுக்குக் கொடுக்கலாம், தவறில்லை.

வேலியிலிருந்தும் வீட்டுத் தோட்டத்திலிருந்தும்

வைட்டமின் ஏ குறையைத் தீர்க்க மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. முருங்கை மரம் இல்லாத தோட்டம் நம்மில் யாருக்கு இருக்கிறது? 100 கிராம் முருங்கைக்கீரையில் கால்சியம் 440 மில்லிகிராம், பாஸ்பரஸ் 70. தினையின் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி. வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் ஏராளம். ஒரு இணுக்கு தினமும் கூண்டில் செருகினாலே பெரிய குறைகள் இரண்டும் ஓரளவு சரியாகிவிடும். என் கருத்தில், ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்பவர் இதைச் செய்தால் போதும்.

அடுத்தது கோவை. கிளி மூக்குக்கு உவமை சொல்ல நம் புலவர்கள் எல்லாரும் கோவைப்பழத்தைத்தான் தேடிப் போனார்கள். மூக்கு அந்த நிறம் என்பதோடு, அந்த மூக்கு அந்தப் பழத்தைக் குத்தித் தின்பதையும் பார்த்திருப்பார்கள். உயிர்வேலியில் தானே படரும் கொடி அது. பழுத்துச் சிவந்ததைப் பாதியாகப் பிளந்து வையுங்கள். பழுத்த மிளகாயும் அப்படியே. நமக்குத்தான் காரம், பறவைக்குக் காரம் தெரியாது. காரத்தை உணரும் நரம்பு முனை பாலூட்டிகளுக்கு வேலை செய்கிற மாதிரி பறவைகளுக்கு வேலை செய்வதில்லை. மிளகாய்ச் செடிக்கு விதை பரப்புகிறவர்கள் பறவைகள்தானே, அவர்களை விரட்டிக்கொள்ளுமா? சிவந்த மிளகாயில் கரோட்டினும் உண்டு.

துருவிய கேரட், பழுத்த பரங்கிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளி, கொத்தமல்லித்தழை, முள்ளங்கி இலை எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பாலக், தண்டுக்கீரை, சிறுகீரையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை போதும். பழம் என்றால் கொய்யா, பப்பாளி சிறு துண்டு. பட்ஜெரிகர் புல் விதைப் பறவை, அதற்குப் பழம் அதிகம் தேவையில்லை. நிறையக் கொடுத்தால் கழிச்சல்தான் வரும்.

கணவாய் மீனின் ஓட்டைக் கூண்டில் மாட்டச் சொல்வார்கள். செல்லப்பிராணிக் கடையில் பொட்டலத்தில் கிடைப்பதுதான் நம் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் இருக்கிறது. அதேதான், விலை குறைவு. நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கம்பியில் கட்டுங்கள். கிளி அலகால் சுரண்டிக்கொள்ளும். அது கிடைக்காத ஊரில் முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, பொடித்து வைக்கலாம். அயோடினுக்கு மட்டும் நம் தோட்டத்தில் உறுதியான வழி இல்லை. அயோடின் சேர்த்த தாதுக்கட்டி கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும். அயோடின் உப்புதானே என்று சமையல் உப்பைப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சின்ன உடம்புக்கு உப்பு நஞ்சு.

தின்ற கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். அதற்கு இளவெயில். கூண்டைக் காலையில் அரைமணி நேரம் வெளியே வையுங்கள், பாதிக் கூண்டு நிழலில் இருக்கட்டும், பூனை எட்டாத இடமாகவும் இருக்கட்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது.

கோழி வளர்ப்பவர்கள் மணல், சிறுகல் வைக்க வேண்டாமா என்று கேட்பார்கள். கோழியும் புறாவும் தானியத்தை முழுசாக விழுங்கும், அரைக்கக் கல் வேண்டும். கிளி உரித்துத் தின்னும். அதற்குக் கல் தேவையில்லை. அதிகம் தின்றால் அடைத்துக்கொள்ளும். முட்டைக் கோழித் தீவனத்தையும் போடாதீர்கள், அது கோழிக்காகக் கணக்குப் பார்த்துச் செய்தது.

வெளிநாட்டுக் கால்நடை மருத்துவர்கள் பலர் எல்லாச் சத்தும் சேர்த்து உருட்டிய பெல்லட் தீனியைப் பரிந்துரைக்கிறார்கள். அதை நான் எதிர்க்கவில்லை. காய்கறி கிடைக்காத, நேரமில்லாத வீட்டுக்கு வெறும் தானியத்தைவிட அது எவ்வளவோ மேல். தோட்டம் இருக்கிற நமக்கு அது கட்டாயமில்லை என்கிறேன், அவ்வளவுதான். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்து மட்டும் வீண். தண்ணீரிலும் வெளிச்சத்திலும் வைட்டமின் சீக்கிரம் சிதையும், தண்ணீரும் வழவழப்பாகிக் கெடும்.

கொடுக்கவே கூடாதவை

வெண்ணெய்ப் பழம், அதாவது பட்டர் ஃப்ரூட். கீழ்ப்பழனி மலைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மனிதனுக்கு நல்ல பழம், கிளிக்குக் கொல்லும் நஞ்சு. அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும். இலையும் ஆகாது. சாக்லேட், காப்பி, தேநீர், வெங்காயம், பூண்டு, சமைக்காத மரவள்ளி, ஆப்பிள் விதை, தக்காளி இலை, வேகவைக்காத மொச்சை, அவரை விதை எல்லாம் இதே பட்டியலில் வரும். கூண்டுக்குள் உட்காரக் குச்சி வைக்கும்போது அரளிக் குச்சியை வைத்துவிடாதீர்கள். கொய்யாக் கிளை நல்லது, பட்டையை உரித்து விளையாடும்.

பாலும் பால்சோறும் கிளிக்கு ஆகாது. தாலாட்டில் கிளிக்குப் பால் கொடுத்தே பழகிவிட்டோம். பறவை பால் குடித்து வளரும் இனம் அல்ல, பாலின் சர்க்கரையைச் செரிக்கும் பொருள் அதன் குடலில் இல்லை. குஞ்சுக்கு ஊற்றினால் கழிச்சல், புரையேறினால் மூச்சடைப்பு. முறுக்கு, பிஸ்கட், ரச சாதமும் வேண்டாம். "ஆசையா சாப்பிடுதுண்ணே" என்பார்கள். நாம்கூடத்தான் ஆசையாகச் சாப்பிடுகிறோம், சர்க்கரை நோய் வராமலா இருக்கிறது?

நஞ்சு தானியம்

நம் இதழில் இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரு பட்ஜெரிகரின் எடை ஏறக்குறைய 35 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒரு ஆளோடு ஒப்பிட்டால் ஆயிரத்து எழுநூறில் ஒரு பங்கு. நமக்குத் தெரியாமல் போகிற நச்சு அதற்குத் தெரிந்துவிடும். பிரிட்டன் சுரங்கங்களில் நச்சுக்காற்று இருக்கிறதா என்று பார்க்க 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தார்கள். பறவையின் நுரையீரலும் காற்றுப்பைகளும் அப்படிப்பட்டவை. பக்கத்து வயலில் மருந்தடிக்கும் நாளில் கூண்டை வீட்டுக்குள் எடுத்து, காற்று வரும் பக்கத்துச் சன்னலைச் சாத்துங்கள். கொசுவர்த்தி, வாணலி காய்ந்து வரும் டெஃப்ளான் புகை இரண்டும் கூண்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

தானியத்தில் மூன்று ஆபத்து. விதைநேர்த்திக்காகப் பூஞ்சைக்கொல்லி பூசிய, நிறம் ஏற்றிய விதை மிஞ்சினால் குருவிக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடுத்தது கிட்டங்கியில் நச்சு மாத்திரை வைத்துப் புகையூட்டிய தானியம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மூட்டையைத் தவிர்ப்பதே வழி. அது முடியாதவர்கள் நன்றாக வெயிலில் பரப்பிக் காற்றாட விட்டு, கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். வசம்புப் பொடி கலந்து சேமித்ததைக்கூட நான் பறவைக்குக் கொடுப்பதில்லை. நன்றாகக் காயவைத்து இறுக்கமான தகர டப்பாவில் வைத்தால் மூன்று மாதம் கெடாது, அதற்கு மேல் சேர்த்து வைக்கத் தேவையில்லை.

மூன்றாவது, பூஞ்சை. இது இயற்கை விவசாயியின் தானியத்திலும் வரும், நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுசாகப் போகாது. அறுவடை நேரத்தில் மழையில் நனைந்த வரகும் ஆபத்து. வரகு தின்று மயங்கியதை நம் ஊர்ப் பெரியவர்கள் கிறுக்கு வரகு என்பார்கள். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் வரகுப் பயிரை மேய்ந்த பத்து யானைகள் இறந்தன. பரிசோதனையில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற பூஞ்சை நஞ்சு கண்டார்கள். யானைக்கே அந்தக் கதி. அறுவடையில் மழை பட்ட எந்தத் தானியத்தையும் கிளிக் கலவையில் சேர்க்காதீர்கள்.

பழக்கத்தை மாற்றுவது எப்படி?

"கீரை வெச்சேன், தொடவே மாட்டேங்குது." இதைச் சொல்லாதவர் இல்லை. ஒரே தினையைத் தின்று பழகிய கிளிக்கு முருங்கை இலை உணவு என்றே தெரியாது. குஞ்சிலேயே பார்த்திருந்தால்தான் தெரியும். பட்டினி போட்டால் தின்னும் என்று சிலர் தீனியை எடுத்துவிடுகிறார்கள். அது கொலைக்குச் சமம். சிறு பறவை ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் தாங்காது.

பொறுமையாகச் செய்யுங்கள். முருங்கை இணுக்கையோ கொத்தமல்லியையோ தண்ணீரில் நனைத்து, அது வழக்கமாக உட்காரும் குச்சிக்குப் பக்கத்தில் கட்டுங்கள். பட்ஜெரிகர் ஈர இலையில் உரசிக் குளிக்கும். குளிக்கப் போன இடத்தில் கடித்துப் பார்க்கும். அதுவே தொடக்கம். கேரட் துருவலின் மேல் நாலு தினை மணியைத் தூவி வையுங்கள். ஏற்கெனவே கீரை தின்னும் பறவை ஒன்று கூட இருந்தால் வேலை சுலபம், பார்த்துக் கற்றுக்கொள்ளும். நீங்களும் அதன் எதிரே அதே கொத்தமல்லியைக் கடித்துத் தின்று காட்டலாம், சிரிக்காதீர்கள், பலன் தரும். இரண்டு வாரத்திலும் பழகும், மூன்று மாதமும் ஆகும். அதுவரை காய்ந்த தானியத்தை நிறுத்த வேண்டாம். கிராம் காட்டும் சமையல் தராசு இருந்தால் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 35 கிராமில் மூன்றரை கிராம் குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவிட்டுப் பழைய தீனிக்கே போய், பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எச்சத்தையும் கவனியுங்கள். கீரை தின்னும் நாளில் பச்சையாக, கொஞ்சம் நீராக இருக்கும், அது நோயல்ல. இறகைப் பந்தாக உப்பிக்கொண்டு பகலில் தூங்கினால்தான் பயப்பட வேண்டும்.

தினை விதைக்கிறவர்கள் அடுத்த பட்டத்தில் ஓரமாக நாலு வரிசையைப் பறவைக்கென்று ஒதுக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளியில் மூன்று முறையாக விதைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் பால் கதிர் கிடைத்துக்கொண்டே இருக்கும். தினை 80 முதல் 90 நாள் பயிர், பெரிய வேலை இல்லை. பக்கத்து ஊர்களில் பறவை வளர்ப்பவர்களுக்குச் சொல்லி வைத்தால் கதிர்க்கட்டாகவே வாங்கிக்கொள்வார்கள். வேலிக்கு வெளியேயிருந்து பச்சைக்கிளிகள் வந்து பங்கு கேட்கும். கேட்கட்டும், அந்த ஓர வரிசையில் நான் கிளி ஓட்டுவதில்லை.